உன் ஊரிலிருந்து தினமும் வந்த ஆள்

என் வாலுக்குட்டிக்கு,

இங்க நானும் கடையும் சுகமா இருக்கோம், அங்க நீயும் உன் கழுத்து வலியும் எப்படி இருக்கீங்கன்னு தெரிஞ்சா போதும். பார்சலைப் பிரிச்சதும் முதல்ல ஒரு மூடி வந்திருக்கும், அதுக்கு அடியில இந்தக் காகிதம். இந்தக் காலத்துல எதுக்கு இந்த மனுஷன் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாருன்னு சிரிப்பே. சிரி, சிரிச்சு ரொம்ப நாளாச்சு. வாட்ஸ்அப்ல எழுதினா ஒரு கட்டைவிரலைப் போட்டுட்டு மீட்டிங்குக்குப் போயிடுவே. போன்ல சொல்லலாம்னா எனக்குத் தொண்டை வரைக்கும் வந்து நின்னுடுது, அதுக்குள்ள நீ "வேற என்னப்பா"ன்னு கேட்டுடறே, அப்படிக் கேட்டா போனை வைக்கப் போறேன்னு அர்த்தம்னு எனக்குத் தெரியாதா என்ன. அதனாலதான் காகிதம். நீ கேட்ட கேள்வி மறக்கலை. கடையோட சைட்டை மூடிட்டு சரக்கை எல்லாம் ஆன்லைன்ல எல்லாக் கடைக்காரங்களும் விக்கிற அந்தப் பெரிய சந்தைத் தளத்துல போட்டுடலாமா, மாசக் கடைசிக்குள்ள முடிவு சொல்லுங்கன்னு எழுதியிருந்தே. பதில் இதுக்குள்ளயே இருக்கு. ஆனா நேரா கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, சின்ன வயசுலேர்ந்தே உனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு.

முழங்கால் பரவாயில்லை, மாத்திரை ஒழுங்கா போட்டுக்கறேன், கண்ணாடி மாத்தணும்னு டாக்டர் சொல்லியிருக்கார், மாத்திக்கலாம். உன் ரூம்ல இருந்த கட்டிலை மடிச்சு சுவத்துல சாய்ச்சு வெச்சிட்டு பேக்கிங் மேஜை போட்டிருக்கேன், கோவிச்சுக்காதே, நீ வந்தா ஒரு நிமிஷத்துல விரிச்சிடலாம். முன் ரூம் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க மூடி. குக்கர் மூடி, பிளாஸ்க் மூடி, மிக்ஸி ஜார் மூடி, ஹாட்பாக்ஸ் மூடி, அதுங்களுக்கான கேஸ்கெட், கைப்பிடி, திருகு எல்லாம் உன் அம்மா ஒட்டிவெச்ச லேபிளோட அப்படியே இருக்கு. கடை நல்லாத்தான் நடக்குது. நடக்குது, ஆனா ஆள் வரலை. இதை யார்கிட்ட சொன்னாலும் புரிய மாட்டேங்குது. வியாபாரம் குறைஞ்சிருந்தாலாவது நாலு பேர் பாவம்னு வந்து பார்ப்பாங்க. இது கூடிக்கிட்டே போகுது, போன் கிணிங் கிணிங்னு சத்தம் போட்டுக்கிட்டே இருக்கு, கதவைத் தள்ளிக்கிட்டு ஒரு மனுஷன் உள்ள வர்றதில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும், முன்னாடி எல்லாம் மூடி உடைஞ்ச கதையைச் சொல்லாம ஒருத்தரும் மூடி வாங்கினது கிடையாது. மொட்டை ஜாரைப் பையிலேர்ந்து எடுத்து கவுண்ட்டர் மேல வெச்சிட்டு, யார் போட்டு உடைச்சது, ஏன் உடைச்சாங்க, அதுக்கு அப்புறம் வீட்டுல யார் யார்கூட பேசலைங்கிற வரைக்கும் சொல்லிட்டுத்தான் போவாங்க. உன் அம்மா கன்னத்துல கையை வெச்சுக்கிட்டுக் கேப்பா. எனக்கு அப்ப எரிச்சலா இருக்கும், ஒரு மூடிக்கு இவ்வளவு பேச்சான்னு. இப்ப மூடி மட்டும்தான் போகுது. சாயங்காலம் கூரியர்காரம்மா வர்றாங்க, ஹெல்மெட்டைக் கழட்டறதே இல்லை, பெட்டியை எல்லாம் ஸ்கேன் பண்ணி மூட்டையில போட்டுக்கிட்டு "வரேங்க"ன்னு சொல்றாங்க, அவ்வளவுதான். அவங்க முகம் எப்படி இருக்கும்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நேத்து தண்ணி வேணுமான்னு கேட்டேன், ஹெல்மெட்டுக்குள்ளேர்ந்து வேண்டாம்னு தலையை ஆட்டினாங்க.

இதுல நான் யாரையும் குத்தம் சொல்லலை, சொல்லவும் முடியாது. நீ வெளிநாட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி சாப்பாட்டு மேஜையில உக்கார வெச்சு பென்சிலால படம் போட்டுப் போட்டு விளக்கினே இல்லையா, நான் கொட்டாவி விட்டேன்னு திட்டினே. ஆனா எல்லாம் உள்ள போயிருக்கு, வேணும்னா கேட்டுக்கோ. எங்கயோ ஒரு மலை ஊர்ல ஒரு டீச்சரம்மா இருக்காங்க, அவங்க பிளாஸ்க் மூடி தொலைஞ்சு போச்சு. நம்ம கடை பேரைத் தட்டறாங்க. பேரை வெச்சு மெஷினுக்கு ஒண்ணும் தெரியாது, அதுக்கு நம்பர்தான் வேணும், அதனால முதல்ல பேரெல்லாம் குறிச்சு வெச்சிருக்கிற இடத்துல போய் இந்தப் பேருக்கு என்ன நம்பர்னு கேக்குது. நம்பர் கிடைச்சதும் அதைப் பிடிச்சுக்கிட்டு நம்ம கடை இருக்கிற சர்வருக்கு வருது. சர்வர்னா என்ன, எப்பவும் அணைக்காத ஒரு கம்ப்யூட்டர், எந்த நாட்டுலயோ ஒரு குளிர் ரூம்ல இருக்கு, நீயும் பார்த்ததில்லை நானும் பார்த்ததில்லை. அது உடனே டேட்டாபேஸ்கிட்ட இந்த மூடி இருக்கா, எத்தனை இருக்குன்னு கேட்டு, படம், விலை எல்லாம் சேர்த்து அந்தம்மாவுக்குன்னு ஒரு பக்கத்தை அங்கேயே கட்டி அனுப்புது. வழியில யாரும் பிரிச்சுப் படிக்காம இருக்க, கடை பேர் பக்கத்துல தெரியுமே, அந்தக் குட்டிப் பூட்டு. பணம் நம்ம வாசலுக்கே வர்றதில்லை, பேமென்ட் கம்பெனி வேற வாசல் வெச்சிருக்கு, கார்டு நம்பரை அங்க கொடுத்தா அது பேங்க்கைக் கேட்டுட்டு, ஆச்சுன்னு நம்ம சர்வர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுது. சர்வர் கணக்குல ஒரு மூடியைக் குறைச்சிட்டு லேபிளைத் தயார் பண்ணி என் போனைக் கிணிங்னு அடிக்க வைக்குது. நான் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போடறதுக்குள்ள இவ்வளவும் முடிஞ்சிடுது. பாஸா ஃபெயிலா, நீயே மார்க் போடு. எனக்கு இதுல ஆச்சரியம் என்னன்னா, இத்தனை கை மாறி ஒரு மூடி விக்குது, அதுல ஒரு கையைக்கூட நான் குலுக்கினது கிடையாது.

சரி, இப்ப விஷயத்துக்கு வரேன். நீ சைட்டுக்குள்ள எனக்குன்னு ஒரு பக்கம் வெச்சுக் கொடுத்தே இல்லையா, எந்த ஊர்லேர்ந்து எத்தனை தடவை வந்து பார்த்திருக்காங்கன்னு காட்டற பக்கம். காலைல டீயை வெச்சுக்கிட்டு அதைத்தான் பார்ப்பேன், பேப்பர் நிறுத்தி ரொம்ப காலமாச்சு. அதுல ஒருநாள் உன் ஊர் பேரைப் பார்த்தேன். லிஸ்ட்ல முதல் ஆளா நிக்குது. மறுநாளும் நிக்குது. தினமும், விடாம, நாள் பூரா. எனக்கு முதல்ல கவலைதான் வந்துச்சு, உனக்கு ராத்திரியா இருக்கிற நேரத்துல எல்லாம் வருதே, இவ தூங்கறதே இல்லையான்னு. அப்புறம்தான் மனசுக்குள்ள ஒரு வெளிச்சம் வந்த மாதிரி இருந்துச்சு. சரிதான், பொண்ணு போன் பண்ணத்தான் கூச்சப்படறா, வேலைக்கு நடுநடுவுல வந்து வாசல்ல நின்னு கடையைப் பார்த்துட்டுப் போறா, நம்ம வீட்டு ஞாபகம் வந்தா வேற எங்க போய்ப் பார்ப்பான்னு நெனைச்சேன். நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன்னு சொன்னா நீ நம்பமாட்டே. மறுநாள் காலைல கடையைத் திறக்கறதுக்கு முன்னாடி கண்ணாடி முன்னாடி நின்னு தலை வாரினேன்.

உன்கிட்ட கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, கேட்டா வெட்கப்பட்டு வர்றதை நிறுத்திடுவியோன்னு அடக்கிக்கிட்டேன். அதுக்குப் பதிலா என்ன செஞ்சேன்னா, சைட்டுக்கு மேல ஒரு பச்சைப் பட்டை இருக்கே, ஆர்டர் வழக்கம்போல அனுப்பப்படும்னு நீ எழுதிவெச்ச இடம், அதை மாத்தறது எப்படின்னு எனக்குத் தெரியும் இல்லையா, அதுல உனக்குன்னு தினமும் ஒரு வரி எழுத ஆரம்பிச்சேன். இன்னிக்கு மழை, கடை திறந்திருக்கு. முழங்கால் வீக்கம் வடிஞ்சிடுச்சு. மாடிப்படி லைட்டை நானே மாத்திட்டேன், ஏணியில ஏறலை, நாற்காலிதான். முட்டை கருகிப் போச்சு, ஆனாலும் சாப்பிட்டேன். படத்தையும் விடலை. புது ஹாட்பாக்ஸ் மூடியைப் படம் எடுக்கும்போது பின்னாடி உன் அம்மாவோட கண்ணாடிக் கூடு தெரியற மாதிரி வெச்சேன். ஜன்னல்ல நீ வெச்ச செடி புது இலை விட்டுச்சு, அது பக்கத்துல ஒரு பிளாஸ்க் மூடியை வெச்சு எடுத்தேன். பெரிய எவர்சில்வர் மூடி ஒண்ணை நல்லா துடைச்சு எடுத்தேன், அதுல என் முகம் தெரியும், கொஞ்சம் அகலமாத் தெரியும், ஆனா ஷேவ் பண்ணியிருக்கேன்னு தெரியற அளவுக்குத் தெரியும்.

கஸ்டமருங்க சும்மா இருப்பாங்களா. ஒரு மனுஷன் எழுதினார், ஐயா நான் கேட்டது குக்கர் கேஸ்கெட், உங்க முழங்காலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம், வாங்கினா முழங்காலும் இலவசமாத் தருவீங்களான்னு. எடுத்துக்கங்க, ரெண்டும் தேய்ஞ்சதுதான்னு பதில் எழுதலாம்னு பார்த்தேன், கடை பேர் கெட்டுடும்னு விட்டுட்டேன். அந்த மலை ஊர் டீச்சரம்மா மட்டும் ஆர்டர்ல குறிப்பு எழுதற இடத்துல, வீக்கம் வடிஞ்சதுல சந்தோஷம், உப்பைக் குறைச்சுக்கங்கன்னு எழுதியிருந்தாங்க. நல்ல மனசு. ஆனா நான் அதை எழுதினது அவங்களுக்கு இல்லையே. நீ ஒண்ணும் சொல்லலை, நானும் எதிர்பார்க்கலை, பார்த்தா போதும்னு இருந்தேன். அந்தக் கொஞ்ச காலம் நான் ரொம்ப நல்லா இருந்தேன்மா. சாப்பாட்டைத் தட்டுல போட்டு மேஜையில உக்காந்து சாப்பிட்டேன், அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டே முடிக்கலை.

அப்பத்தான் உன் ஆபீஸ் தோழி லீவுல வந்தவ நீ கொடுத்தனுப்பின ஸ்வெட்டரையும் மாத்திரையையும் எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்தா. தங்கமான பொண்ணு, அலமாரி அலமாரியா நின்னு பார்த்தா, ஒவ்வொரு மூடியையும் எதுக்குன்னு கேட்டா. எனக்குக் கால் தரையில நிக்கலை, ரொம்ப நாள் கழிச்சு கடைக்குள்ள ஒரு ஆள் இல்லையா. பேச்சோட பேச்சா அந்த விசிட்டர் பக்கத்தைத் திறந்து காட்டி, பாரும்மா, முதல்ல நிக்கிறது யாருன்னு தெரியுதா, என் பொண்ணு, தினமும் வந்து பார்க்கிறான்னு பெருமையா சொன்னேன். அவ சிரிச்சா. கெட்ட சிரிப்பு இல்லை, தெரியாம சிரிச்சது.

"ஐயோ அங்கிள், அது அவ இல்லை. அவ வீட்டு அலமாரி மேல ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் பெட்டி வெச்சிருக்கா, நான்தான் கூட உக்காந்து செட் பண்ணிக் கொடுத்தேன். அது சில நிமிஷத்துக்கு ஒரு தடவை உங்க சைட்டைத் தட்டிப் பார்க்கும். பதில் வந்துச்சுன்னா பேசாம போயிடும். வரலைன்னா அவ போனை அடிக்கும்."

நானும் சிரிச்சேன். எனக்குத் தெரியும்மா, சும்மா உன்னைச் சீண்டிப் பார்த்தேன்னு சொல்லிட்டு டீ போடப் போனேன், சர்க்கரையை ரெண்டு தடவை போட்டுட்டேன், பாவம் அவ அதையும் குடிச்சா. அப்புறம் மெதுவா கேட்டேன், அந்தப் பெட்டி நம்ம சைட்ல என்ன எழுதியிருக்குன்னு படிக்குமாம்மான்னு. படிக்காது அங்கிள், சர்வர் இருக்கேன்னு ஒரு நம்பர் சொல்லும், அது மட்டும்தான் அதுக்கு வேணும்னு சொன்னா. அவ போனதுக்கு அப்புறம் கடையை அப்பவே மூடிட்டேன், வெயில்கூட இறங்கலை. ரொம்ப வலிச்சுதுடா, ஒளிக்காம சொல்லிடறேன். மழைன்னு எழுதினதையும் நீ படிக்கலை, முட்டை கருகினதையும் படிக்கலை, உன் செடி இலை விட்டதையும் பார்க்கலை. நீ எனக்காகத்தான் அந்தப் பெட்டியை வெச்சிருக்கே, அப்பா கடை விழுந்துடக் கூடாதுன்னு, அதுவும் பாசம்தான், அந்த அளவுக்கு எனக்குப் புத்தி இருக்கு. ஆனா ஒரு பெட்டிக்காகவா நான் தலை வாரிக்கிட்டு நின்னேன்னு நெனைச்சப்போ எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கலை.

மறுநாள் கோவத்தோட உக்காந்தேன். உன்மேல இல்லை, என்மேலதான். அந்தப் படம், அந்த வரி எல்லாத்தையும் அழிச்சுத் தள்ளிடறேன்னு ஆரம்பிச்சேன். ஒண்ணொண்ணா அழிக்கப் பொறுமை இல்லாம ஒரு ஃபோல்டரை முழுசா பிடிச்சு அழிச்சேன், அது கடையோட முதுகெலும்புன்னு எனக்கு எங்க தெரியும். சைட் வெள்ளையாப் போச்சு. பேர் இல்லை, மூடி இல்லை, ஒண்ணும் இல்லை. கையும் ஓடலை காலும் ஓடலைன்னு நான் எழுந்து நின்னுக்கிட்டு இருக்கும்போதே போன் அடிச்சுது. நீ. உனக்கு அப்ப விடிஞ்சும் விடியாம இருந்திருக்கும், குரல்ல தூக்கம் அப்படியே இருந்துச்சு. அப்பா எதை அழிச்சீங்கன்னு கேட்டே. தெரியாம கை பட்டுடுச்சுன்னு சொன்னேன்.

அன்னிக்கு நீ என்கூட இருந்த மாதிரி ரொம்ப நாளா இருந்ததில்லை. அதைத் திறங்க, இதைப் படிங்க, கீழ என்ன வருதுன்னு கேட்டுக்கிட்டே இருந்தே. அப்புறம் பேக்கப் எங்கயோ பத்திரமா இருக்கு, திரும்ப ஏத்தறேன், போனை வைக்காதீங்க, நடுவுல கேள்வி கேப்பேன்னே. உன் ஸ்க்ரீன்லயும் என் ஸ்க்ரீன்லயும், எவ்வளவு ஏறியிருக்குன்னு காட்டற அந்த நீளக் கோடு ஊர்ந்துக்கிட்டு இருந்துச்சு. உன் குழாய்ல தண்ணி விழற சத்தம் கேட்டுச்சு. நீ கொட்டாவி விட்டே. ரொட்டியை நறுக்கு நறுக்குன்னு கடிச்சே. பிளாஸ்க்கைத் திறந்து ஊத்தும்போது சொன்னே, மூடி சரியா பிடிக்க மாட்டேங்குதுப்பா, டீ ஆறிப் போயிடுதுன்னு. மூடிக்கடைக்காரன் பொண்ணு ஆறின டீ குடிக்கிறாளேன்னு எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. வாய் எவ்வளவு அகலம்னு கேட்டேன், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசுன்னே, அப்பா இப்ப அதுவா முக்கியம்னு கடிஞ்சுக்கிட்டே. பார்சல்ல இருக்கிறது அந்த மூடிதான், பொருந்தலைன்னா மூணாம் மனுஷி மாதிரி கம்ப்ளெயிண்ட் எழுது. உண்மையைச் சொல்றேன், அந்தக் கோடு மெதுவாப் போகட்டும்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேன். கடை திரும்பி வர்றது அன்னிக்கு எனக்கு அவ்வளவு அவசரமா இல்லை.

கோடு முடிஞ்சுது, கடை வந்துச்சு, கூடவே நான் அழிச்ச படமும் வரியும் எல்லாம் திரும்பி வந்துடுச்சு. நீ அப்பத்தான் முதல் தடவையா அதைப் படிச்சே.

"என்னப்பா இது, கேஸ்கெட் பக்கத்துக்கு மேல முழங்கால் வீக்கம் வடிஞ்சிடுச்சுன்னு போட்டிருக்கு?"

"ஒரு கஸ்டமர் விசாரிச்சாங்கமா, அதான்."

"எடுத்துடுங்கப்பா, கடை மாதிரியே இருக்காது."

சரின்னேன். வேற என்னப்பான்னு கேட்டே. ஒண்ணும் இல்லைன்னேன். வெச்சிட்டே. உனக்கு ஆபீஸுக்கு நேரமாச்சு, எனக்குத் தெரியும். நான் போனை மேஜை மேல வெச்சிட்டு, கூரியர்காரம்மா வர்ற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன். அந்த வாரக் கடைசியிலதான் உன்கிட்டேர்ந்து அந்த மெயில் வந்துச்சு. என்னால தூக்கத்துல எழுந்து எழுந்து பார்க்க முடியலைப்பா, சைட்டோட குட்டிப் பூட்டைப் புதுப்பிக்கணும், அப்டேட் போடணும், ஒவ்வொண்ணுக்கும் நான்தான் உக்காரணும், பெரிய தளத்துல போட்டுட்டா இதெல்லாம் அவங்க தலைவலி, சைட்டை மூடிடலாம்னு. படிச்சதும் எனக்குத் தோணினது இதுதான். பெட்டியோ கிட்டியோ, உன் வீட்டுலேர்ந்து என் கடை வரைக்கும் வந்து போறது அது ஒண்ணுதானே, கடையே இல்லைன்னா அதுவும் வராதேன்னு.

அதுக்கப்புறம் எனக்கு வந்த புத்தியைக் கேளு. அந்த ஃபோல்டர் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். இன்னொரு தடவை கை பட்டா நீ கூப்பிடுவே. கோடு ஊரும், குழாய் சத்தம் கேக்கும். பேக்கிங் மேஜை முன்னாடி உக்காந்துக்கிட்டு மவுஸ் மேல கையை வெச்சு யோசிச்சேன்டா, ஒரு தடவை இல்லை, பல தடவை. தட்டலை. ஏன்னா நீ வருவே, வந்து கடையைத்தான் தூக்கி நிறுத்துவே, சரியாச்சுப்பான்னு சொல்லிட்டுப் போயிடுவே. என்னைப் பார்க்க வந்ததா ஆகாது. அதோட தூங்கற பொண்ணைப் பொய் சொல்லி எழுப்பற அப்பன் நான் இல்லை.

அதனால வேற ஒண்ணு செஞ்சேன். சர்வர் வாடகைக்குக் கொடுக்கிற கம்பெனியோட ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டேன். அங்க ஒரு பொண்ணு எடுத்தா, என் தொந்தரவு தாங்காம அவ வேலையை விட்டுடுவாளோன்னு நானே பயந்தேன், ஆனா மகராசி பொறுமையா சொல்லிக் கொடுத்தா. பூட்டு காலாவதி ஆகறதுக்கு முன்னாடி அதுவே புதுப்பிச்சுக்கிற மாதிரி வெச்சாச்சு. தினமும் பேக்கப் எடுத்து வேற ஊர் மெஷின்ல வைக்கிற மாதிரி வெச்சாச்சு. பேக்கப்லேர்ந்து திரும்ப ஏத்தறது எப்படின்னு, கடையைத் தொடாம, வெத்து சைட் ஒண்ணுல போட்டுப் போட்டுப் பழகினேன். ஆரம்பத்துல தப்பு தப்பா வந்துச்சு, சார் எந்த பட்டனைத் தொட்டீங்கன்னு அவ கேக்கறப்போ எல்லாம் உன் குரல் மாதிரியே இருக்கும். இப்ப வருது. உன் பெட்டி மாதிரியே தட்டிப் பார்க்கிற ஒண்ணையும் அவ கம்பெனியிலேயே போட்டுக் கொடுத்துட்டா. கடை விழுந்தா அது என் போனை அடிக்கும்.

இப்ப உன் கேள்விக்குப் பதில். சைட்டை மூட வேண்டாம். நீ சொன்னது தப்பில்லை, பெரிய தளத்துல கூட்டம் அதிகம், வேலை கம்மி, வேணும்னா நாலு மூடியை அங்கயும் போட்டுப் பார்ப்போம். ஆனா அங்க மூடி வாங்கறவங்களுக்கு மூடி யாருதுன்னு தெரியாது, எனக்கும் யார் வாங்கினாங்கன்னு தெரியாது, அவங்களோட பேச வழியும் இருக்காது, நாளைக்கு அவங்க சட்டத்தை மாத்தி என்னைப் பின்வரிசைக்குத் தள்ளினா நான் போய் நிக்கிறதுக்கு ஒரு வாசல் கிடையாது. இங்க பேர் நம்ம பேர். பேர் நம்ம கையில இருக்கிற வரைக்கும் சர்வரை எந்த ஊருக்கு வேணும்னாலும் மாத்திக்கலாம், வர்றவங்களுக்கு அதே கடை, அதே வாசல்தான்னு நீதானே பென்சில் வெச்சு விளக்கினே. அந்த வாசல் எனக்கு வேணும். மலை ஊர்லேர்ந்து ஒருத்தங்க உப்பைக் குறைங்கன்னு எழுதறாங்கன்னா அது அந்த வாசல் இருக்கிறதாலதான். கடையை நான் பார்த்துக்கறேன். தப்பு பண்ணினா நானே பேக்கப் ஏத்திக்கறேன், உன்னை எழுப்ப மாட்டேன்.

உன்கிட்ட நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அலமாரி மேல இருக்கிற அந்தப் பெட்டியை அணைச்சிடு. தோழி வந்ததையும் அவ சொன்னதையும் வெச்சு அவளைத் திட்டாதே, அவமேல ஒரு தப்பும் இல்லை. இனிமே விடியற நேரத்துல உன் போன் கடைக்காக அடிக்காது. நிம்மதியா தூங்கு, எழுந்து சூடா டீ குடி, நீ உக்காந்து வேலை பார்க்கிற நாற்காலியை மாத்தி முதுகுக்கு நல்லதா ஒண்ணு வாங்கு, கழுத்து வலி அதுலதான் வருது. நல்ல உடம்போட, நல்ல தூக்கத்தோட, உனக்குப் பிடிச்ச மனுஷங்க பக்கத்துல இருக்க நீ நல்லா இருக்கணும், உன் அம்மா சார்பாவும் சேர்த்து நானே சொல்லிடறேன்.

பெட்டியை அணைக்க மறந்துடாதே. அணைச்சதும் என் லிஸ்ட்லேர்ந்து உன் ஊர் பேர் போயிடும். கொஞ்ச நாள் காலைல அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது கஷ்டமாத்தான் இருக்கும், பரவாயில்லை, பழகிக்கறேன். பச்சைப் பட்டையில நீ எடுக்கச் சொன்ன அந்த வரியை மட்டும் நான் எடுக்கலை, கடை என்னுது, எழுதத்தான் போறேன். என்னைக்காவது அந்த லிஸ்ட்ல உன் ஊர் பேர் ஒரே ஒரு தடவை வந்துச்சுன்னா, வந்தது நீதான்னு எனக்குத் தெரிஞ்சிடும்.

உன் நினைப்போட,
அப்பா
(மூடிக்கடை)